காவிரித் தீவில் ஒரு முன்பனிப் பகல்

நுழையும்முன்

ஓர் ஊரின் வரலாற்றை நூலில் படிப்பது ஒருவகைக் கல்வி. அவ்வூரின் தெருக்களில் நடந்து அறிவது மற்றொருவகைக் கல்வி. மதிலும் மாளிகையும் ஓவியமும் கல்லறையும் அங்கே சான்றுகளாக நிற்கின்றன. அச்சான்றுகள் தாமாகப் பேசுவதில்லை. கேட்கத் தெரிந்தவருக்கே விடை தருகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லை வட்டாரம் ஒரு காலத்தில் எத்தலைநகரின் ஆட்சியில் இருந்ததோ, அத்தலைநகரைப் பனிக்காலப் பகலொன்றில் நடந்து காணும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

எல்லையிலிருந்து புறப்பாடு

மார்கழித் திங்களின் விடியற்காலையில் ஜவளகிரிக் காட்டின் விளிம்பில் பனி இறங்கியிருக்கும். அறுவடை முடிந்த கேழ்வரகுக் கொல்லைகளில் அரிதாள்கள் நனைந்து நிற்கும். ஓசூருக்கு வேலைக்குச் செல்வோர் முண்டாசும் கம்பளிச் சட்டையுமாகப் பேருந்துக்குக் காத்திருப்பர். அவர்களின் பேச்சைச் செவிமடுத்தால் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் காதில் விழும். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழிகள் கலந்து வருவதும் இங்குப் புதுமையன்று.

இம்மொழிச் சூழலுக்கு இவ்வட்டாரத்தின் கடந்தகாலமும் ஒரு காரணம். இன்று தமிழ்நாட்டின் எல்லையாக விளங்கும் ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரிப் பகுதிகள் பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூர் அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. அவ்வரசின் தலைநகராக 1610 முதல் 1799 வரை விளங்கியது ஸ்ரீரங்கப்பட்டினம். பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் வழியில், மைசூருக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர் முன்பாக, காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும் தீவில் அது அமைந்துள்ளது. அதிகாலையில் புறப்பட்டு, பெங்களூரு வழியாகத் தொடர்வண்டியில் செல்வோர் கோட்டைக்குள்ளேயே இறங்கலாம். இருப்புப்பாதையும் நிலையமும் பழைய கோட்டைப் பகுதிக்குள் அமைந்திருப்பதே இதற்குக் காரணம்.

ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் நீளமுள்ள இத்தீவை மேற்கு முனையிலிருந்து கிழக்கு முனைவரை ஒரு பகலில் நடந்து காண இயலும். கோடையில் கருங்கல் மதில்கள் வெப்பத்தை உமிழும். மழைக்காலத்தில் ஆற்றங்கரைப் பாதைகள் வழுக்கும். வெயில் கடுமையற்று, வானம் தெளிந்திருக்கும் முன்பனிக் காலமே நடைக்கு உகந்தது.

தெரிந்து தெளிவோம்

தமிழர் ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனிக்காலம். மாசி, பங்குனி பின்பனிக்காலம். சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். குளிர்காலம் என்று இன்று பொதுவாக வழங்குவதைக் கூதிர், முன்பனி, பின்பனி என மூன்றாகப் பிரித்து உணர்ந்திருந்தனர்.

மூன்று வினாக்கள்

பழைய தலைநகரைக் காணச் செல்வோர் கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை மூன்று வினாக்கள். இதனை எழுப்பியவர் யார்? எப்பொழுது எழுப்பினார்? யார் காண வேண்டும் என்று எழுப்பினார்? இவ்வினாக்கள் இல்லையெனில், நாம் காணும் கட்டடங்கள் யாவும் ஒரே காலத்தன போலவும் ஒரே குரலில் பேசுவன போலவும் மயக்கும். வென்றவர் எழுப்பியதும், தோற்றவரின் உறவினர் எழுப்பியதும், நூறாண்டு கழித்துப் பின்வந்த அரசு எழுப்பியதும் இச்சிறு தீவில் அருகருகே நிற்கின்றன.

கோயிலும் கோட்டையும்

நிலையத்திலிருந்து சிறிது தொலைவு நடந்தால் அரங்கநாதர் கோயிலின் கோபுரம் பனிமூட்டத்தினூடே தோன்றும். ஊருக்குப் பெயரளித்தது இக்கோயிலே. கங்கர் காலத்தில் தோன்றி, ஹொய்சளர், விசயநகர அரசர் காலங்களில் விரிவடைந்தது இது. காவிரியின் தீவுகளில் அமைந்த மூன்று அரங்கங்களுள் இதனை ஆதி அரங்கம் என்பர். சிவனசமுத்திரத்தில் உள்ளது மத்திய அரங்கம். நம் திருவரங்கம் அந்திய அரங்கம். ஒரே ஆறு மூன்று கோயில்களையும் இரு மாநிலங்களையும் இணைக்கிறது.

விசயநகரப் பேரரசின் ஆளுநர்கள் தங்கியிருந்த இவ்வூரை 1610இல் ராஜ உடையார் கைப்பற்றித் தம் தலைநகராக்கிக் கொண்டார். புகழ்பெற்ற மைசூர்த் தசராவின் தொடக்கம் இங்கேதான். 1761இல் ஆட்சியதிகாரம் படைத்தலைவர் ஹைதர் அலியின் கைக்கு மாறியது. 1782இல் அவர் இறந்தபின் அவருடைய மகன் திப்பு சுல்தான் ஆட்சிக்கு வந்தார். ஆட்சி மாறியபோதும் கோட்டையின் நடுவே கோயில் வழிபாடு தொடர்ந்தது. திப்பு அளித்த வெள்ளிப் பாத்திரங்கள் இக்கோயிலின் உடைமைகளாக இருந்தமையை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அதேவேளையில், குடகு, மலபார் மக்களின் நினைவில் அவருடைய படையெடுப்புகள் துயரமாகவே பதிந்துள்ளன. ஓர் அரசரை ஒரே சொல்லில் அளந்துவிட இயலாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

கோயிலின் அருகே திப்பு வாழ்ந்த லால் மகால் அரண்மனையின் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. தலைநகரின் பெருங்கட்டடம் தரைமட்டமாக, அதனினும் பழைய கோயில் நிலைத்து நிற்பதை இங்கு ஒருசேரக் காணலாம். அரண்மனை, ஆள்பவரின் அதிகாரத்திற்கு அடையாளமானதால் அவருடன் அழிக்கப்பட்டது. கோயிலோ மக்களின் வழக்கத்தில் வேரூன்றியிருந்தது.

மதில் உடைந்த இடம்

கோயிலிலிருந்து மேற்கே நடந்தால் கோட்டையின் மேற்கு மூலையை அடையலாம். அங்கே மதிலில் ஒரு பிளவு காணப்படும். 1799 மே 4ஆம் நாள் நண்பகலுக்குப்பின் ஆங்கிலேயப் படை இவ்வழியாகவே கோட்டைக்குள் நுழைந்தது.

இவ்விடத்தில் நின்று ஆற்றை நோக்கினால் போரின் காரணகாரியம் விளங்கும். இத்தலைநகருக்குக் காவிரியே முதல் அகழி. கோடையில் நீர் வற்றி, பாறைகள் தலைதூக்கும்; அப்பொழுது வீரர்கள் ஆற்றைக் காலால் கடந்துவிடலாம். தென்மேற்குப் பருவமழை தொடங்கி ஆறு பெருகிவிட்டால் முற்றுகையிட்ட படை பின்வாங்க வேண்டியதுதான். எனவே ஏப்பிரல் தொடக்கத்தில் வந்து சேர்ந்த தளபதி ஹாரிசின் படைக்குக் காலமே முதற்பகையாக இருந்தது. உணவுப்பொருள் குறைந்துவந்த நிலையில், மழைக்குமுன் மதிலை உடைக்க வேண்டும் என்று பீரங்கிகளை ஒரே இடத்தில் குவித்துத் தாக்கினர். மழை சில வாரங்கள் முந்தியிருந்தால் தென்னிந்திய வரலாறு வேறு திசையில் சென்றிருக்கக்கூடும். மார்கழியில் இவ்விடத்தில் நாம் காணும் நீரோட்டத்தைக் கொண்டு அன்றைய நிலையை அளவிடக் கூடாது. இன்று மேலே உள்ள கிருஷ்ணராஜ சாகர் அணை நீரை அளந்து விடுகிறது. அன்று அவ்வணை இல்லை.

பிளவின் அருகே உயர்ந்த நினைவுத்தூண் ஒன்று நிற்கிறது. முதல் பார்வையில், போர் முடிந்தவுடன் வென்றவர் நட்டது போலத் தோன்றும். ஆனால், இதனை எழுப்பியது மைசூர் அரசு, ஆண்டு 1907. நூறாண்டுகளுக்கு மேல் கழித்து, ஆங்கிலேயரின் மேலாண்மைக்குக் கீழ் இருந்த அரசு, ஆங்கிலேயத் தரப்பில் மாண்டவர்களுக்காக எழுப்பியது இது. ‘எப்பொழுது’ என்னும் வினா இல்லையெனில் இவ்வுண்மை புலப்படாது.

அன்று மதிலேறியவருள் ஆங்கிலேயர் மட்டும் இல்லை. சென்னை மாகாணப் படைப்பிரிவுகளின் சிப்பாய்களும் இருந்தனர். சம்பளத்திற்குப் படையில் சேர்ந்த தென்னிந்தியக் குடியானவர் மக்கள் அவர்கள். மதிலுக்கு உள்ளே நின்று போரிட்டவர்களும் அத்தகையோரே. இரு தரப்பிலும் மாண்ட அவ்வெளியோருள் பெரும்பாலோரின் பெயர் எந்தத் தூணிலும் இல்லை.

நிலவறையும் நீர்வாயிலும்

மதிலையொட்டி வடக்குப் பக்கமாக நடந்தால், தரைமட்டத்திற்குக் கீழே வளைவுக் கூரையுடன் அமைந்த ஒரு சிறையை அடையலாம். கர்னல் பெய்லி நிலவறை என்பது இதன் பெயர். சுவரிலிருந்து நீண்டிருக்கும் கற்பலகைகளில் கைதிகளைப் பிணைத்து வைத்திருந்தனர் என்பர். 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூர்ப் போரில் தோற்றுச் சிறைப்பட்ட ஆங்கிலேயத் தளபதி பெய்லி, 1782இல் இந்நகரிலேயே இறந்தார்.

அப்போரில் சிறைப்பட்ட மற்றொருவர் டேவிட் பெயர்டு. ஏறத்தாழ நான்காண்டுகள் இந்நகரில் கைதியாக இருந்தார். 1799இல் மதில் உடைந்தபோது தாக்குதல் படையை முன்னின்று நடத்தியவர் அவரே. சிறைப்பட்டிருந்த ஊருக்குள் வென்றவராக நுழைந்தார்.

நிலவறையிலிருந்து சற்றுத் தொலைவில், நீர்வாயிலுக்கு அருகே, வேலியிட்ட சிறு இடத்தில் ஒரு கல் உள்ளது. திப்புவின் உடல் கண்டெடுக்கப்பட்ட இடம் இது என்று அக்கல் கூறுகிறது. அதற்குமேல் அங்கு எதுவும் இல்லை. அரியணையில் அமர்ந்திருந்த ஒருவர், பெயரறியா வீரர்களின் உடல்களுக்கிடையே கிடந்த இடம் என்பதை அறிந்து நிற்போருக்கு அக்கல்லே போதுமானது.

கோட்டையின் கிழக்கு வாயிலை நோக்கி நடக்கையில் 1780களில் திப்பு எழுப்பிய மசூதியின் இரண்டு எண்கோண மினார்கள் வெகுதொலைவிலிருந்தே தெரியும். அவற்றில் அடுக்கடுக்காக அமைந்த மாடங்களில் புறாக்கள் தங்கியிருக்கும்.

கோட்டையின் பழைய வெடிமருந்துக் கிடங்குகளுள் ஒன்று, பெங்களூரு–மைசூரு இருப்புப்பாதையை இரட்டைப் பாதையாக்கியபோது வழியில் நின்றது. அதனை இடிக்காமல், 2017இல் அடித்தளத்தோடு பெயர்த்து, நூறு மீட்டருக்கும் மேல் நகர்த்தி வைத்தனர். வளர்ச்சியா, பழமையா என்னும் கேள்வி எழும்போது இரண்டையும் காக்கும் வழி உண்டு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

தெரிந்து தெளிவோம்

மைசூர்ப் படையினர் இரும்புக் குழாயில் வெடிமருந்தை அடைத்து ஏவுகணைகளாகப் பயன்படுத்தினர். இரும்புக் குழாய் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கியதால் அவை நெடுந்தொலைவு பாய்ந்தன. 1799க்குப் பின் இங்கிலாந்துக்கு எடுத்துச் செல்லப்பட்ட ஏவுகணைகளை ஆராய்ந்தே வில்லியம் காங்கிரீவ் தம் ஏவுகணைகளை உருவாக்கினார். அமெரிக்க விண்வெளி ஆய்வு மையம் ஒன்றின் சுவரில் திப்புவின் படையினர் ஏவுகணைகளுடன் போரிடும் ஓவியத்தைக் கண்டதை ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் தம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் பதிவு செய்துள்ளார்.

சுவர் சொல்லும் போர்

கோட்டைக்கு வெளியே கிழக்கே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்தால் தரியா தௌலத் என்னும் கோடைக்கால மாளிகையை அடையலாம். ‘கடலின் செல்வம்’ என்பது அப்பெயரின் பொருள். 1784இல் திப்பு எழுப்பிய இம்மாளிகை பெரும்பாலும் தேக்கு மரத்தால் ஆனது. வெளியே பச்சை நிற மறைப்புகள் தொங்குவதால் தொலைவிலிருந்து காண்பவருக்கு இதன் அழகு புலப்படாது. வெயிலிலிருந்து ஓவியங்களைக் காக்கும் பொருட்டு அவை தொங்கவிடப்பட்டுள்ளன.

மேற்குச் சுவர் முழுவதும் பொள்ளிலூர்ப் போர் தீட்டப்பட்டுள்ளது. நம் காஞ்சிபுரத்து மண்ணில் 1780 செப்டம்பர் 10 அன்று நடந்த போர் அது. ஆங்கிலேயப் படை சதுரமாக அணிவகுத்து நடுவில் அகப்பட்டு நிற்கிறது. காயமுற்ற பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடிக்கிறது. யானை மீதும் குதிரை மீதும் மைசூர்ப் படை சூழ்ந்து வருகிறது. திப்புவோ கையில் மலரேந்தி, போர்க்களத்தில் சிறிதும் பதறாதவராகக் காட்சியளிக்கிறார்.

இங்கே மூன்றாம் வினாவைக் கேட்க வேண்டும். யார் காண இது தீட்டப்பட்டது? மாளிகைக்கு வரும் தூதரும் சிற்றரசரும் காண வேண்டும் என்பதே நோக்கம். ‘ஆங்கிலேயர் வெல்ல முடியாதவர் அல்லர்’ என்னும் செய்தியை இச்சுவர் அவர்களுக்கு அறிவித்தது. எனவே இது போரின் நேர்ப்பதிவு அன்று. வென்றவர் தம் வெற்றியைக் காட்ட விரும்பிய முறை. மலரேந்திய கை ஓவியர் படைத்த நயமாகலாம். வெடித்த வண்டியோ ஆங்கிலேயர் குறிப்புகளிலும் இடம்பெறும் நிகழ்ச்சி. ஓர் ஓவியத்துள் எது செய்தி, எது புகழ்ச்சி எனப் பிரித்தறிவதே வரலாற்று வாசிப்பு.

இச்சுவரின் பின்கதையும் அறியத்தக்கது. 1799க்குப் பின் ஆர்தர் வெல்லெஸ்லி இம்மாளிகையில் தங்கினார். பிற்காலத்தில் ஓவியங்கள் சிதைந்தபோது, டல்ஹௌசி பிரபுவின் ஆணைப்படி அவை மீண்டும் தீட்டப்பட்டன. ஆங்கிலேயர் தோற்ற காட்சியை ஆங்கிலேய ஆட்சியே செப்பனிட்டுக் காத்தது. ஆகவே இன்று நாம் காணும் வண்ணங்கள் முழுமையும் 1784ஆம் ஆண்டின் தூரிகையால் ஆனவை அல்ல.

கல்லறைத் தோட்டம்

தீவின் கிழக்குப் பகுதியில் கும்பஸ் என வழங்கும் கல்லறை மாடம் உள்ளது. தந்தை ஹைதர் அலிக்காகத் திப்பு 1780களின் தொடக்கத்தில் எழுப்பியது இது. சுற்றிலும் மெருகேற்றிய 36 கருங்கல் தூண்கள் நிற்கின்றன. தந்தம் இழைத்த கருங்காலிக் கதவுகள் பின்னாளில் டல்ஹௌசி பிரபு அளித்தவை. உட்சுவரில் புலிவரிகள் தீட்டப்பட்டுள்ளன. நடுவே ஹைதர் அலியும், அவருக்கு இருபுறமும் அவருடைய மனைவியும் மகன் திப்புவும் துயில்கின்றனர். மதில் உடைந்ததற்கு மறுநாள், பகைவரின் படை மரியாதையுடன் திப்புவின் உடல் இங்கு அடக்கம் செய்யப்பட்டது.

இத்தோட்டத்தின் அருகிலேயே கர்னல் பெய்லியின் உறவினர் அவருக்காக எழுப்பிய நினைவு மாடமும் உள்ளது. சுவரோவியத்தில் தோற்றவராகப் பல்லக்கில் அமர்ந்திருப்பவர், தம்மை வென்றவரின் கல்லறைக்கு அருகே நினைவுகூரப்படுகிறார். இரண்டையும் ஒருங்கே கண்டவருக்கே வரலாற்றின் முழு உருவம் தென்படும்.

உடன்படிக்கையும் நம் ஊரும்

மாலை நெருங்கும்பொழுது, காவிரியின் இரு கிளைகளும் கூடும் சங்கமத்தில் நம் நடை முடிகிறது. வெயில் தாழ்ந்து, ஆற்றின்மேல் மீண்டும் குளிர்காற்று எழும். இங்கே அமர்ந்து, இந்நகரில் முடிவான செய்தி ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1792இல் ஆங்கிலேயரும் நிசாமும் மராத்தியரும் கூடி இத்தலைநகரை முற்றுகையிட்டனர். திப்பு உடன்படிக்கைக்கு இணங்கினார். நாட்டின் பாதியையும் மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயையும் அளிக்க ஒப்பினார். பணம் முழுவதும் செலுத்தப்படும்வரை, பத்து வயதை ஒட்டிய தம் மைந்தர் இருவரைப் பிணையாக அனுப்பினார். ஸ்ரீரங்கப்பட்டினம் உடன்படிக்கை என வரலாற்று நூல்கள் குறிப்பிடும் அவ்வாவணத்தால் ஆங்கிலேயர் கைக்குச் சென்ற நிலங்களுள் ஒன்று பாராமகால். கிருஷ்ணகிரியும் தருமபுரியும் அதனுள் அடங்கும். மலைமேல் அமைந்த ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதி மட்டும் மைசூரிலேயே எஞ்சி, 1799இல் திப்பு வீழ்ந்தபின் சேலம் மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. நம் முன்னோர் உழுத நிலத்தின் வரி எவ்வூருக்குச் செல்ல வேண்டும் என்பது, அவர்களைக் கேளாமலே இத்தீவில் முடிவு செய்யப்பட்டது.

அதன் விளைவுகள் நெடியன. பாராமகாலின் நிருவாகியான அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும், இடைத்தரகர் இன்றி உழவரிடமே நேரடியாக வரி பெறும் முறையை இங்கேதான் செயற்படுத்திப் பார்த்தனர். பின்னாளில் மன்றோ சென்னை மாகாண ஆளுநரானபோது அம்முறையே இரயத்துவாரி முறையாக மாகாணத்தில் பரவியது. மறுபுறம், 1799க்குப் பின் மைசூரின் தலைநகர் மைசூர் நகருக்கே மாறியது. ஸ்ரீரங்கப்பட்டினத்தில் தங்கியிருந்த ஆங்கிலேயப் படை, காய்ச்சலின் கொடுமை தாளாமல் 1809இல் பெங்களூருவுக்கு இடம்பெயர்ந்தது. அப்படைக்குடியிருப்பைச் சுற்றிப் புதிய நகரம் விரிந்தது. அந்நகரின் வளர்ச்சியே, ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அதன் அருகிலுள்ள ஓசூரைத் தொழில் நகரமாக்கிய காரணங்களுள் ஒன்றாயிற்று. ஜவளகிரியிலிருந்து இன்று தொழிற்சாலைக்குச் செல்லும் பேருந்தின் வழித்தடத்தில் இத்தீவின் வீழ்ச்சிக்கும் ஒரு பங்குண்டு.

எல்லைகள் இயற்கையாக அமைந்தவை அல்ல என்பதையும், அவை போராலும் உடன்படிக்கையாலும் பின்னர் 1956இல் மொழிவழி மாநில அமைப்பாலும் வரையப்பட்டவை என்பதையும் இந்நடை உணர்த்துகிறது. இதனை உணர்ந்தவர் எல்லைக்கு அப்பால் வாழ்வோரை அயலாராகக் கருதார். நம்மைப் போன்றே அவர்களும் அன்று ஒருவராலும் கேட்கப்படாதவர்களே.

காண்போர் கடமை

பழைய சுவர்களில் பெயர் கீறுவோர் எல்லா ஊர்களிலும் உள்ளனர். 1958ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம். சட்டத்தினும் மேலான காரணம் ஒன்றும் உண்டு. நாம் கீறும் ஒவ்வோர் எழுத்தும் முன்பிருந்த சான்று ஒன்றை அழிக்கிறது. பெயரின்றி மாண்ட ஆயிரக்கணக்கானோரின் தடயம் எஞ்சியிருப்பது இத்தகைய சுவர்களிலும் மண்ணிலுமே. அவற்றின்மேல் நம் பெயரை எழுதுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

சங்கமத்தில் கூடிய காவிரி கிழக்கே ஓடுகிறது. சிவனசமுத்திரத்தில் அருவியாக வீழ்ந்து, பின்னர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காடுகளின் ஓரமாகத் தமிழ்நாட்டினுள் நுழைகிறது. நாம் இரவுப் பேருந்தில் ஊர் திரும்புவோம். இவ்வாறு மதிலையொட்டி ஓடிய நீரும் நம் மாவட்டத்தை நோக்கியே வந்துகொண்டிருக்கும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உள்ள பழைய கோட்டை, நடுகல், கோயில், மசூதி, தேவாலயம், நினைவுத்தூண் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாடத்தில் கூறப்பட்ட மூன்று வினாக்களுக்கும் விடை கண்டு எழுதுக.

2. பொள்ளிலூர்ப் போரைத் தோற்றவர் தரப்பிலிருந்து ஓவியமாகத் தீட்டியிருந்தால் எவ்வெவற்றைக் காட்டியிருப்பார், எவ்வெவற்றை மறைத்திருப்பார் என்பது குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் வீட்டிலும் தெருவிலும் வழங்கும் பிறமொழிச் சொற்கள் பத்தினைத் தொகுத்து, அவை எம்மொழியைச் சார்ந்தவை என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து பட்டியலிடுக.

4. ‘வளர்ச்சிப் பணிகளும் தொன்மைச் சின்னங்களும்’ என்னும் தலைப்பில் இரண்டு பக்க அளவில் கட்டுரை எழுதுக.